துணி தங்காத உடம்பு

சுதாகரன் ஐயா காளியாயிக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அது எப்படித் தீர்ந்தது என்று தோட்டத்து லயத்து வீடுகளில் கேட்கிறவர்களுக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது.

வட்டவளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முன்பு உதவி மேனேஜர் இருந்த சின்னத்துரை பங்களா இருக்கிறது. ஆளில்லாமல் பாசி பிடித்துக் கிடந்த அதைப் பழைய மேற்பார்வைக்காரரான கண்டாக்கரின் பேரன் சுதாகரன் ஐயா கொழும்பிலிருந்து வந்து குத்தகைக்கு எடுத்தார். ஒரு மழைக்காலப் பகலில் லொறியில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. கொழுந்து பறித்து ஓய்ந்துபோன எனக்கு அங்கே கூட்டிப் பெருக்கித் தேத்தண்ணி ஊற்றும் வேலை. என் மகள் லோஜினிக்கும் ஹட்டன் பையன் பாஹிமுக்கும் கம்ப்யூட்டர் வேலை.

அது என்ன வேலை என்று பிடிபட எனக்குக் கொஞ்சக் காலம் ஆனது. வெளிநாட்டுக்காரர் கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டுகளில் மனிதர்கள் போலவே உருவங்கள் நடக்கும். அவற்றுக்கு உடுப்புத் தைப்பது. தையல்காரர் வெட்டுவதுபோலத் துணியைத் தட்டையாக வெட்டி, அந்த உடம்பைச் சுற்றி மிதக்கவிட்டு, ஒரு பொத்தானை அமுக்குவார்கள். துண்டுகள் தாமாகவே ஒட்டித் தைத்துக்கொண்டு உடம்பில் வந்து விழும். பருத்தி பருத்தியாக விழ வேண்டும், கம்பளி கம்பளியாக விழ வேண்டும். குனிந்தால் முதுகில் இழுபட வேண்டும். கையை மடித்தால் முழங்கையில் சுருங்க வேண்டும். உடம்பு துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

தேயிலை மலை வருகிற விளையாட்டு ஒன்றுக்கு உடுப்புக் கேட்டு வந்தது. கொழுந்துக்காரி ஒருத்தியின் நிஜ உடம்பு வேண்டுமாம். பழைய சாப்பாட்டறையில் சுற்றிவரக் கமராக்களை நட்டு, நடுவில் ஒருத்தி நிற்க வேண்டும். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடுப்பு மட்டும்தான். இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்து, நாள் முழுக்க அசையாமல். யாரும் வரவில்லை. லயத்தில் என் பக்கத்து அறை, பக்கத்துக் காம்பராக் காளியாயி வந்தாள்.

முதல் நாள் முடிந்து திரும்பும்போது அவள் சிரித்தாள். "எம் புருசன்கூட என்னைய இப்பிடிப் பாத்ததில்ல பேச்சி. கமரா பாத்துப்புடுச்சு."

"என்னாத்துக்குடி ஒனக்கு இந்த வேலை?"

"கோடிக்குத்தான்."

எங்களில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டார் கழுவாத புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது விழாமல் பிணத்தைத் தூக்குவதில்லை. காளியாயிக்குப் பிள்ளைகள் இல்லை, புருஷன் போய்விட்டான். நோட்டன் பிரிட்ஜில் இருந்த ஒரே அண்ணனும் முந்திய வருஷம் செத்துவிட்டார். ஹட்டனில் பக்கீர் நானா கடையில் ஓர் அரக்குச் சேலையை அவள் பார்த்து வைத்திருந்தாள். காசு வந்ததும் வாங்கி என்னிடம் தந்துவிடுவாளாம். அவள் சாகிற அன்று பிறந்த வீட்டு ஆளாக நின்று நான் போர்த்த வேண்டுமாம்.

"அம்மணமா மட்டும் என்னைய அனுப்பிறாத பேச்சி."

காசு வரவில்லை. வெளிநாட்டுக்காரர் அனுப்பியதும் தருவதாகச் சுதாகரன் ஐயா சொன்னார். அவர்கள் அனுப்பினார்கள். பங்களாவுக்குப் புது ஜெனரேட்டர் வந்தது, வாசலில் புது வான் நின்றது. காளியாயிக்கு மட்டும் அடுத்த கிழமை, அடுத்த கிழமை.

அடைமழை பெய்த ஒருநாள் அவள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வந்து பங்களா விறாந்தையில் நின்றாள். சாரல் அவள்மேல் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டேன். ஐயா ஜன்னல் சீலையை இழுத்து மூடினார். பொழுது சாயும்வரை நின்றுவிட்டுக் குறுக்குப் பாதையால் இறங்கிப் போனாள். பாதி வழியில் மேட்டு மண் சரிந்தது. மறுநாள் மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் இருந்து அவளை எடுத்தோம். படங்கு இடுப்பிலேயே இருந்தது.

அதே மண்சரிவில் ஹட்டன் ரோடும் மூடிக் கிடந்தது. புதுச்சேலை எடுக்க வழியில்லை, பிணமும் அதற்குமேல் தாங்காது. என் பெட்டியில் இருந்ததிலேயே நல்ல சேலையைப் போர்த்தினேன். அது நான் உடுத்தித் துவைத்தது. கோடி இல்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பலகையில் அவள் பேரை நானே எழுதி நட்டேன். எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. அந்தப் பேருக்கு அது போதுமாக இருந்தது.

ரோடு திறந்ததும் ஐயாவிடம் போய்க் காசைக் கேட்டேன். இனியாவது ஒரு சேலை எடுத்து அவள் குழிமேல் போடலாம் என்று.

அவர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "வாங்குறதுக்கு ஆள் இல்லன்னா, அது கடனே இல்ல பேச்சியம்மா. கணக்க வெட்டியாச்சு."

அப்போது உள்ளேயிருந்து லோஜினி மெல்லக் கூப்பிட்டாள். "அம்மா, இங்க கொஞ்சம் வாங்க."

திரையில் காளியாயி நின்றாள். சாம்பல் நிற உடம்பு, மயிரில்லாத தலை, விரித்த கைகள். முகம் அவளேதான், கண் மூடியிருந்தது. காலடியில் ஒரு சேலை குவிந்து கிடந்தது.

லோஜினி மறுபடி சேலையைச் சுற்றினாள். மடிப்பு மடிப்பாக விழுந்து, தோளேறி, ஒரு கணம் நின்றது.

பிறகு வழுகியது.

பாஹிம் துணியைச் சொரசொரப்பாக்கினான், எடையைக் குறைத்தான், இடுப்பில் ஊசி குத்தியதுபோல இறுக்கினான். வேறு உருவத்தில் அதே சேலை கச்சிதமாக நின்றது. காளியாயியில் நிற்கவில்லை. சட்டையும் நிற்கவில்லை. கம்பளியும் நிற்கவில்லை. தோலில் எண்ணெய் பூசியதுபோல எல்லாம் இறங்கிக் காலடியில் கிடந்தன.

அதற்கடுத்த நாட்களில் துணி நனைந்து வந்தது. வெட்டும்போது காய்ந்த துணி, அவள் உடம்பில் பட்டதும் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே ஏறும். அப்படி ஒன்றை யாருமே செய்யவில்லை என்று பாஹிம் சத்தியம் பண்ணினான். அறைக்குள் ஈரச் சாக்கு வாசம் வந்தது. பச்சைக் கொழுந்து, சேறு, நனைந்த சாக்கு. நான் தரையைத் துடைத்தேன். மேசைக்கடியில் மறுபடியும் தண்ணீர் நின்றது. வாளியில் பிழிந்தால் செம்மண் நிறம்.

ஐயா வந்து சத்தம் போட்டார். சாமான் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, பிந்தினால் லோஜினியின் சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். முகம்தான் லோஜினியைப் பயமுறுத்துகிறது என்று சொல்லி, காளியாயியின் தலையை எடுத்துவிட்டு வேறொருத்தியின் தலையை வைக்கச் சொன்னார். பாஹிம் தயங்கினான். ஐயாவே உட்கார்ந்து மாற்றினார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தியின் முகம் அந்த உடம்பின்மேல் வந்தது.

"இப்ப பாரு. செத்தவ எங்க இருக்கா?"

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரித்திருந்த கைகள் இறங்கின.

மெதுவாக. வெட்கப்படுகிறவள் இறக்குவதுபோல. இரண்டு கையும் குறுக்காக வந்து மார்பை மூடிக்கொண்டன. பிறகு அந்தப் புதுமுகம் தாடையிலிருந்து கரைந்து இறங்க, அதற்கடியில் காளியாயி இருந்தாள்.

கண்ணைத் திறந்திருந்தாள்.

பாஹிம் எழுந்து வெளியே போய்விட்டான். லோஜினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயா மட்டும் நகரவில்லை. எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இந்தச் சேலையை நானே நிறுத்திக் காட்டுகிறேன் என்றார்.

மதியம்தான். ஆனால் மலையிலிருந்து இறங்கிய மூட்டம் விறாந்தைக்குள் வந்து, ஆளுக்கு ஆள் தெரியாமல் நின்றது. கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. சமையலறையில் நானும் லோஜினியும் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே துணி விழும் சத்தம் கேட்டது.

ஈரத்துணி. சப்பென்று.

மறுபடியும்.

பிறகு ஐயாவின் குரல், குழந்தைக் குரல் மாதிரி. "பேச்சியம்மா. ஒரு சீலை கொண்டாங்க."

அவர் கம்ப்யூட்டர் அறையில் இல்லை. பழைய சாப்பாட்டறையில், கமராக்களுக்கு நடுவில், காளியாயி நின்ற அதே இடத்தில் நின்றார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. கைகள் விரிந்தபடியே நின்றன, இறக்க முடியவில்லை. நீலக் கோடு போட்ட சட்டையும் காற்சட்டையும் காலடியில் நனைந்து கிடந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கம்பளியை அவர்மேல் எறிந்தேன்.

அது தோளில் தொட்டு, வழுகிக் கீழே விழுந்தது.

பாஹிம் வந்து போர்வையைச் சுற்றிக் கயிற்றால் கட்டினான். முடிச்சு அவன் கண் முன்னாலேயே அவிழ்ந்தது. கைகள் கடைசியில் இறங்கின. துணி மட்டும் நிற்கவேயில்லை. அவரைப் படுக்கவைத்து மேலே போட்டதெல்லாம் கட்டிலைச் சுற்றித் தரையில் கிடந்தது. தோட்டத்து டாக்டர் வந்தார், லயத்துச் சனம் ஜன்னலில் வந்து நின்றது. ஒளிய இடமில்லாமல் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே தம் மேசை லாச்சியை இழுத்து, உள்ளேயிருந்த காசை எடுத்துப் பாஹிமிடம் கொடுக்கச் சொன்னார். முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறும் சரியாக இருந்தது. அந்தச் சேலையை வாங்கி வரச் சொன்னார். பாஹிம் ஹட்டனுக்கு ஓடினான். பக்கீர் நானாவிடம் நோட்டை நீட்டியபோது அது கூழாகக் கையில் ஒட்டியதாம். காய்ந்த பையில் வைத்த நோட்டு. எச்சம் எல்லாம் செம்மண்.

நானா அவனை உற்றுப் பார்த்திருக்கிறார். "இந்தச் சல்லி செல்லாது மகன். அந்த அம்மாவுக்குத்தானே? சேலையைக் கொண்டு போங்க. மௌத்தானவங்களுக்குக் குடுக்குறதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

பிறந்த வீட்டு ஆளாக நின்று அந்த அரக்குச் சேலையைக் காளியாயி குழிமேல் விரித்தேன். காற்று பலமாக வீசியது. சேலையின் ஒரு நூல்கூட அசையவில்லை. அதே வேளையில், கரண்ட் திரும்பிவிட்ட பங்களாவில் லோஜினி அதே நிறத்தில், அதே கரையோடு ஒரு சேலையைத் திரையில் வெட்டிக்கொண்டிருந்தாள். உடம்பில் விட்டதும் மார்பை மூடிய கைகள் தாமே விலகி இடம் கொடுத்தனவாம். மடிப்பு ஒவ்வொன்றும் உரிய இடத்தில் விழுந்து, முந்தானை தோளில் அமர்ந்ததாம். அவ்வளவு சரியாக ஒரு துணி உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை அம்மா என்றாள் லோஜினி.

இனி அவரை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியும் பார்த்தேன். "போதும்டி காளியாயி. ஒனக்குக் கோடி வந்துருச்சு."

யாரோ நனைந்த சாக்கை உதறியதுபோல ஒரு சத்தம், என் காதுக்குப் பக்கத்தில்.

கோடி நாங்கள் போட்டது. அவர் கொடுக்க வேண்டியது அப்படியே நின்றது.

மறுநாள் மதியம், குளிர் தாங்கவில்லை என்று கட்டிலோடு கொண்டுபோய் வைத்த எரிகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே சுதாகரன் ஐயா விறைத்துச் செத்தார்.

கொழும்பிலிருந்து பெண்சாதி வீட்டார் பட்டு வேட்டியைக் கோடியாகக் கொண்டுவந்தார்கள். போர்த்தினார்கள். வழுகியது. இரண்டு பேர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்குள் இறக்கி மூடியை அறைந்தார்கள். குழியை மூடித் திரும்பி வந்தால், பட்டு வேட்டி பங்களா விறாந்தையில், காளியாயி நாள் முழுக்க நின்ற இடத்தில் கிடந்தது. அழகாக மடித்து. நனைந்து.

அதை எடுக்க யாரும் குனியவில்லை. அவர் பெண்சாதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைப் புதிதாக எண்ணி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "தீந்துருச்சும்மா," என்றேன். "எடுத்துக்கிட்டா."

பங்களா இப்போது பூட்டிக் கிடக்கிறது. லோஜினி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது தன் போனில் அந்த விளையாட்டைக் காட்டினாள். பச்சை மலையில் நிறையக் கொழுந்துக்காரிகள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் படங்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கம்பளி, முதுகில் கூடை.

மேல் வரிசையில் ஒருத்தி மட்டும் அரக்குச் சேலை உடுத்தியிருந்தாள்.

அந்தச் சேலையைத் தான் அனுப்பவேயில்லை என்று லோஜினி சொன்னாள். கூடையை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். உள்ளே கொழுந்து இல்லை. நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது, ஓரத்தில் தண்ணீர் சொட்டியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் நிமிர்ந்து, எங்கள் பக்கம் திரும்பி, முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.