குறையாத விளக்கு

எவ்வளவு ஓட்டியும் எதிரே வந்த விளக்கு கிட்டவே வரவில்லை. அதுதான் கமாலுதீனுக்கு முதலில் உறுத்தியது. அந்தி சாய்ந்து, மஃரிப் தொழுகை முடிந்திருக்கும் நேரம். ஐப்பசி மழை விட்டிருந்தது. வயல் தவளைகளின் இரைச்சலும் சேற்று வாடையும் சன்னல் வழியே வந்து, அவனுடைய பழைய வாடகைக் காரை நிறைத்துக்கொண்டிருந்தன. பின்சீட்டில் அவன் மனைவி கமர் நிஷா தலைப்பிரசவ வலியில் சுருண்டு கிடந்தாள்.

"மச்சான், சீக்கிரம் ஓட்டுங்க. உசுரு போவுது."

"இந்தா வந்துட்டோம்மா. அரசலாத்துப் பாலம் தாண்டுனா ஆஸ்பத்திரிதான்."

மருதாணி வைத்த கையால் அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்த வலி அவனுக்குத் தெம்பாக இருந்தது.

எதிர் விளக்கு மஞ்சள். காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கார் என்றால் வெள்ளை விளக்கு. மஞ்சள் என்றால் பிரெஞ்சுக்காரன் சட்டத்துக்கு உட்பட்ட நம்ம ஊர்க் கார். கமாலுதீன் விளக்கைக் குறைத்தான். அது குறையவில்லை. கண்ணைப் பிடுங்குகிற வெளிச்சம். பாதை எது, வாய்க்கால் எது, ஒன்றும் தெரியவில்லை.

"மரியாத கெட்ட பய. எவன்டா அது?"

காரைக்கால் ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி விளக்கைக் குறைக்காவிட்டால், நம் விளக்கை மொத்தமாக அணைத்துக் காட்ட வேண்டும். எப்பேர்ப்பட்ட முரடனும் வெட்கப்பட்டு அணைத்துவிடுவான். அப்படியே இருட்டில் ஒருவரையொருவர் கடந்துபோவார்கள். கமாலுதீனும் அணைத்தான்.

அதுவும் அணைந்தது.

கும்மிருட்டில் ஏதோ ஒன்று உரசுகிற மாதிரி பக்கத்தில் போயிற்று. இஞ்சின் சத்தம் இல்லை. சில்லென்ற காற்று மட்டும். தவளைகள் வாயடைத்துப்போயின.

விளக்கைப் போட்டான். பாதை காலியாகக் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் கவனித்தான். பின்சீட்டில் முனகல் இல்லை.

"கமரு?"

"ஏங்க, வெளக்கக் கொறைங்க. கண்ணு கூசுது."

அவள் குரல்தான். ஆனால் கலியாணமான நாளிலிருந்து அவள் அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். முன்னால் எரிகிற விளக்கு பின்சீட்டில் இருப்பவளுக்கு ஏன் கூச வேண்டும்?

திரும்பிப் பார்க்கப் பயம். கண்ணாடியைப் பார்த்தான். தூரத்தில் ஒரு சிவப்புப் பின்விளக்கு, அவன் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து காற்றில் ஒரு அலறல்.

"மச்சான்...! மச்சான்...!"

காரைத் திருப்ப வேண்டும். தெரிகிறது. கை வரவில்லை. பயம்கூட மரத்துப்போயிற்று. கார் தன்பாட்டுக்குப் போனது. பாலம் வந்தது. பாலம் போனது.

"கொறைங்க."

குறைத்தான்.

"இன்னும்."

ஆஸ்பத்திரி வாசல் விளக்கு தெரிந்தது. யாரோ ஒரு தாதி வெளியே வந்து நின்றாள். அப்போது பின்னாலிருந்து ஈரக் கை ஒன்று அவன் தோளைத் தாண்டி நீண்டது.

அதில் மருதாணி இல்லை.

நிதானமாகக் கார் விளக்கை அணைத்தது.