எட்டு விரல் வாசிப்பு

சின்னச்சாமி அழுத்தாத சுரம் ஒன்று பாட்டுக்குள் கேட்டது. பிற்பகல் மூன்று மணி. விஸ்வநத்தத்தில் அந்த வெயிலுக்குக் காக்கை கூடப் பறக்காது. தகரக் கூரை சூட்டில் டப் டப்பென்று நெளிய, எங்கோ சரவெடி வெடித்துப் பார்த்த கந்தக நெடி சன்னல் இடுக்கு வழியாக வந்து தொண்டையில் உட்கார, நனைந்த பனியனோடு அவன் நான்கு நாளாகக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை கேட்டால் பிரமை என்று விட்டுவிடலாம். போட்ட மூன்று தடவையும் கேட்டது.

அவன் வலக்கையில் விரல்கள் மூன்றுதான். மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறை வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் அவனுக்குச் சோறு போட்டது கீபோர்டுக்குள் இருந்த சீக்வென்ஸர். அது சத்தத்தைப் பிடித்து வைப்பதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தினான் என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு தானே வாசிக்கும். மெதுவாக வாசித்துப் பதிந்துவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இல்லாத விரல்களுக்கான சுரங்களை அப்புறம் ஒவ்வொன்றாகச் சொருகலாம். மேடையில் அதைப் பதிந்த டிஸ்க் வாசிக்கும், இவன் கையை ஆட்டுவான், ஊர் கைதட்டும்.

இன்னிசைக் குழு நடத்தும் காளிராஜ் காலையிலேயே வந்து போயிருந்தார். "ஏலே சின்னச்சாமி, நாளைக்கு அம்மன் கோயில் பொங்கல். பன்னெண்டு பாட்டும் டிஸ்க்ல ஏறியிருக்கணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்கிடுவேன், வருத்தப்படக்கூடாது பாத்துக்கோ."

வேறு ஆள் வந்தால், இவன் திரும்பிப் போக அந்த மருந்து அறை ஒன்றுதான் இருக்கிறது.

இதையும் சேர்த்து இன்னும் இரண்டு பாட்டு பாக்கி. உடம்போ அடித்துப் போட்டது போலக் கிடந்தது. கேட்ட சுரம் தப்பாக இருந்தால் அழித்திருப்பான். அது சரியாக இருந்தது. சுண்டு விரல் விழவேண்டிய இடத்தில், இவன் இன்னும் சொருகாத சுரம், அழகாக விழுந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததே என்று நினைத்துக்கொண்டான். வந்த மட்டும் லாபம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே சேமித்தான். அங்கேதான் புத்தி பிசகியது.

கடைசிப் பாட்டைத் தொடங்கினான். நடுவிரல் கட்டையில் பட்டது. பட்டது தெரியவில்லை.

கையை உதறினான். விரலை வாயில் வைத்துக் கடித்தான். பல் பதிந்த இடம் வெளுத்துச் சிவந்தது, வலி மட்டும் இல்லை. பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது நடுவிரலின் சுரங்கள் மட்டும் துல்லியமாக, இவனுக்கு இந்த ஜென்மத்தில் வராத நளினத்தோடு ஓடின. இவன் வாசித்த இடத்தைத் தாண்டியும் ஓடின.

ஆள்காட்டி விரல் மரத்தது. பெருவிரல் மரத்தது. அந்தந்த விரலின் சுரம் பாட்டில் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. பாட்டும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம். இடக்கையால் அழிக்கும் பொத்தானை அழுத்தினான். அழுத்திய விரல் மரத்துப்போனது. அடுத்த விரலால் அழுத்தினான். அதுவும். இப்படியே ஐந்தும் போயின.

அடுப்படியிலிருந்து மனைவி பொன்மணியின் குரல் வந்தது. "ஏங்க, இன்னைக்கு என்னமா வாசிக்கீக! கல்யாணத்தப்ப கேட்ட பளைய கை அப்படியே திரும்பிருச்சே. டீ கொண்டாரட்டா?"

மின்சார ஒயரைப் பிடுங்கக் கை போனது. பிடிக்க முடியவில்லை. காலால் எட்டி உதைத்தான். ஒயர் சுவரைவிட்டுக் கழன்று தரையில் விழுந்தது. கீபோர்டின் சின்னத் திரை அணைந்தது.

பாட்டு நிற்கவில்லை.

பொன்மணி சிரித்துக்கொண்டே உள்ளே வந்து தம்ளரை அவன் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள். "சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க." அது விரல்களுக்கிடையே சரிந்தது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் எட்டு விரல்மேலும் வழிந்தது. தோல் சிவந்து கொப்புளம் கட்டியதை, யாருக்கோ நடப்பது போல அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, கைய உதறுங்க! ஏங்க..."

அவள் குரல் பாதியில் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்தாள். வெள்ளைக் கட்டைகள் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன. ஒவ்வொன்றும் எழும்போது அதன்மேல் வேர்வையில் நனைந்த விரல் நுனியின் ஈரத்தடம் புதிதாக இருந்தது. அந்த வெயிலில் அது காய்வதற்குள் அடுத்தது விழுந்தது.