மத்தியானப் பெரட்டு

மத்தியாஸ் தாத்தா பாக்குவெட்டியால் ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாதி துள்ளிப்போய் விறகுக்கட்டுக்குள் விழுந்தது. மரியநாயகி குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் தாத்தா வெட்டுறீங்க? முழுசாத்தானே முழுங்கணும்?"

"முழுசா முழுங்கினா சீக்கிரம் தீர்ந்திரும். பாதி பாதியா முழுங்கினா ரெண்டு மடங்கு நாள் வரும். ஆறாம் வகுப்பு படிக்கிற, இந்தக் கணக்கு தெரியாதா?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். மாத்திரை பாதியானதிலிருந்து அவருடைய இழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. அந்தக் கணக்கை மரியநாயகி அவரிடம் சொல்லவில்லை.

மத்தியாஸ் தாத்தா அவளுக்குச் சொந்தமில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராவில் தனியாக இருப்பவர். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்து வயதாகி நின்றவர். அவருடைய மாத்திரைகளைத் தோட்டத்து மருந்தகத்தில் வாங்கி வருவது மரியநாயகியின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் மருந்தகம் இருந்தது.

அந்த மாதம் அது நின்றுபோயிற்று. வேலையை விட்டவர்களுக்கு இனித் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து இல்லை என்று லயம் முழுவதும் பேச்சு. செய்தியைக் கொண்டுவந்தவர்களில் மரியநாயகியின் அப்பாவும் ஒருவர். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடி நிற்பார்களே, அங்கேதான் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைச் சொன்னாராம். "அதுக்கு மேலயும் என்னவோ சொன்னாரு. மழை கொட்டிச்சு, காதுல விழலை. எல்லாரும் தேயிலை மலைக்குப் போயிட்டோம்" என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மருந்தகத்து வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. உள்ளே நோயாளிகள் உட்கார நீளமான வாங்கு போடப்பட்டிருந்தது. அதில் ஒருவரும் இல்லை. மேசைக்குப் பின்னால் ஒரு டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து நர்ஸ் தெரேசா வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்ஸி, யாரைப் பார்க்கிறீங்க?"

"உங்க லயத்துக் கிழவன் கிழவிங்களைத்தான். ஒருத்தர்கூட வரலையே."

மிஸ்ஸி விளக்கிச் சொன்னாள். வயதானவர்களின் மருந்து நிற்கவில்லை, கொடுக்கும் முறைதான் மாறியிருக்கிறது. இனி அரசாங்க டாக்டர் மாதம் ஒரு தடவை இங்கேயே வருவார். முன்போல வேறு ஆள் வந்து வாங்கிப்போக முடியாது. நோயாளியே ஒரு தடவை வந்து நெஞ்சைக் காட்டி, பேரைப் பதிய வேண்டும். அதற்குப் பிறகு மருந்து சும்மாவே கிடைக்கும்.

"பெரட்டுல சொல்லச் சொல்லி இருந்தோமே" என்று மிஸ்ஸி அலுத்துக்கொண்டாள். "டாக்டர் வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் வாறேங்கிறார். அன்னைக்கும் வாங்கு காலியா இருந்தா, இந்தத் தோட்டத்துக்கு வேனை அனுப்ப வேணாம்னு எழுதிருவாராம்."

மரியநாயகி ஓட்டமாக ஓடி மத்தியாஸ் தாத்தாவிடம் சொன்னாள். அவர் சந்தோஷப்படவில்லை.

"அரசாங்கத்து ஆள் வந்து பேர் எழுதினா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? கப்பலேத்தத்தான். டாக்டராம், நெஞ்சாம். போ பிள்ளை."

அந்தக் காலத்தில் அரசாங்கத்து ஆட்கள் பேர் எழுதிக்கொண்டு போன பிறகு இந்தத் தோட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ரயிலேறி, கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருந்தன. போனவர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர்.

மறுநாள் விடியும்போது வழக்கம்போலத் தப்புப்பறை முழங்கியது. பெரட்டுக்கு வரச்சொல்லி செல்லசாமி மாமா தினமும் அடிக்கும் அடி அது. அப்பா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் மத்தியாஸ் தாத்தா இருமினார். அவரும் விழித்துத்தான் இருந்தார். ஆனால் அவருக்கு எழுந்து போகப் பெரட்டு இல்லை.

மரியநாயகி போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

கிழவர்களுக்கான செய்தியைப் பெரட்டில் சொல்லியிருக்கிறார்கள். பெரட்டில் ஒரு கிழவர்கூட நிற்பதில்லையே!

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அவள் செல்லசாமி மாமாவைத் தேடிப்போனாள்.

"மாமா, நாளைக்கு மத்தியானம் லயத்து வாசல்ல தப்படிப்பீங்களா?"

"பகல்ல அடிச்சா யாரோ செத்துப்போயிட்டாங்கன்னு நெனப்பாங்க, பிள்ளை."

"சாவு அடி வேணாம் மாமா. காலையில அடிப்பீங்களே, அதை அடிங்க."

அவள் காரணத்தைச் சொன்னாள். செல்லசாமி மாமா வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, "கண்டாக்கையா கேட்டா, தப்பு காயுதான்னு தட்டிப் பார்த்தேன்னு சொல்லிருவேன்" என்றார்.

அடுத்து அவள் மிஸ்ஸியிடம் போனாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வாங்க மிஸ்ஸி" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். வேலைக்காரர்கள் எல்லோரும் மலையில் இருந்தார்கள். லயத்து வாசலில் காலை அடி முழங்கியது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருவர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே வந்தார். வேலையை விட்டு எத்தனையோ வருஷமான லெட்சுமிப் பாட்டி பழக்கத்தில் கொழுந்துக்கூடையோடு வந்து நின்று, தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். காது மந்தமான காளியாயிப் பாட்டிக்கு அது என்ன அடி என்று பிடிபடவில்லை.

"யாரு போயிட்டா?" என்று பதறினாள்.

மரியநாயகி அவள் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னாள்:

"யாரும் போகலை பாட்டி. போகாம இருக்கத்தான் கூப்பிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸி படிக்கட்டில் ஏறி நின்று முழுதாகச் சொன்னாள். அப்பா மழையில் விட்டுவிட்டு வந்த மீதியையும் சொன்னாள்.

கடைசியாக வந்து சுவரோரம் நின்ற மத்தியாஸ் தாத்தா கேட்டார்: "பேர் எழுதுவாங்களாமே. அது எங்க போகும்?"

"எழுதப்போறது நான். அது என் அலுமாரியில இருக்கும், சாவி என் இடுப்புல இருக்கும். உங்களுக்குக் காமாலை வந்தப்ப ராத்திரி பகலா பார்த்தவ நான். உங்களைக் கப்பலேத்தவா எழுதுவேன்?"

தாத்தா மூச்சு வாங்க நின்றார். பிறகு மரியநாயகியைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்குப் பெரட்டு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தபோது வாங்கில் இடமில்லை. பாதிப்பேர் வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியாஸ் தாத்தா வெள்ளைச் சட்டை போட்டு முதல் ஆளாக இருந்தார். மிஸ்ஸி பேரைக் கூப்பிட்டதும் முதுகை நிமிர்த்தி, ஸ்டோரில் வேலை செய்த நாளில் சொன்னது போலவே "வந்தேங்க" என்றார். மாத்திரையைப் பாதியாக வெட்டிய கதையைக் கேட்ட டாக்டர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் நன்றாகத் திட்டினார். திட்டும் மருந்தும் வாங்கிக்கொண்டு தாத்தா சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

சில நாட்கள் கழிந்தன. ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மரியநாயகிக்கு, அடுத்த காம்பராவில் பாக்குவெட்டி 'டக்' என்று வெட்டும் சத்தம் கேட்டது. பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மத்தியாஸ் தாத்தா நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்ததை விரித்துக் காட்டினார்.

பாக்குதான்.