கோலிக்குண்டு அளவு கல்

பித்தப்பையை எடுத்த மறுநாளே நடக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தாள் அவள். தையல் வலித்தது... கோபம் அதைவிட வலித்தது.

கோலிக்குண்டு அளவில் ஒற்றைக் கல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையில் கொடுத்த குப்பியிலோ ஒரு சிட்டிகை மணல். "இதுக்கா ரெண்டு வருஷமா நடிச்சே?" என்று சிரித்துவிட்டுப் போனான் அண்ணன்.

அப்போதுதான் எதிர் அறையில் ஒரு குரல்.

"ஒரே கல்லு! இதை வயித்துல வச்சுக்கிட்டே ஒரு கருத்தரங்கம் நடத்தினேன்!"

கல்யாணத்துக்குக்கூட நேரம் ஒதுக்காதவர் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்ட கல்லூரிப் பேராசிரியர். அவருக்கும் நேற்று அதே ஆபரேஷன். முதுகுப் பக்கம் முடிச்சு அவிழ்ந்த அங்கியோடு கம்பீரமாக நிற்பது சுலபமில்லை, அவர் நின்றார். பார்க்க வந்த சக ஆசிரியர்கள் பயபக்தியோடு குப்பியைப் பார்த்தார்கள்.

"அது என் கல்லு. மூடியில என் பெட் நம்பர் இருக்கு. இந்தாங்க, உங்க மணல்!" என்று தன் குப்பியை நீட்டினாள் அவள்.

அவர் மூடியைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட திருடனின் கண்கள்... ஆனால் அழகான கண்கள். அதைக் கவனித்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"நர்ஸ் தப்பா எழுதியிருப்பாங்க," என்று குப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் வலியோட வீட்டுக்குச் சமைச்சேன், அண்ணனே நம்பல. என் வலிக்கு அது ஒண்ணுதாங்க சாட்சி. நல்லா இருங்க!"

சாயங்காலம் மழை ஜன்னலை அறைந்தது. அண்ணன் மறுபடி வந்து மணல் ஜோக்கை ஆரம்பித்தான். கதவு திறந்தது. பேராசிரியர். பின்னால் அதே சக ஆசிரியர்கள்.

"சார், இது உங்க தங்கச்சி கல்லு. மணல்தான் என்னோடது. அந்த மணலுக்கே நான் தரையில உருண்டு அழுதேன். இவங்க இந்தக் கல்லோட உங்க வீட்டுக்குச் சமைச்சிருக்காங்க."

சக ஆசிரியர்கள் கூரையைப் பார்த்தார்கள். அண்ணன் குப்பியைப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க..." என்றார் பேராசிரியர் அவளிடம்.

"மாட்டேன்."

"சரி... தினமும் வந்து திட்டு வாங்கிக்கட்டுமா? உங்க கோபம்... எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்களும்."

"அங்கி முடிச்சைக் கட்டிட்டுப் பேசுங்க!"

அவர் பதறி முதுகைத் தடவினார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஐயோ, தையல்!

"சிரிக்க வைக்காதீங்க, கொன்னுடுவேன்," என்றாள் கண்ணில் நீர் முட்ட. பிறகு மெதுவாக மணல் குப்பியை அவரிடம் நீட்டி... "மணலைத் தொலைச்சிடாதீங்க. வீட்டுக்கு வரும்போது எங்கம்மா கிட்ட காட்டணும்."