ஒழுகாத குழாய்

மத்தியான வெயில் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்த நேரத்தில், காலையில்தான் தேய்த்துக் கழுவிய கழிவறையிலிருந்து அழுகல் நாற்றம் கிளம்பியது; சுவருக்குள் எங்கோ சொட்டுச் சொட்டாக ஏதோ கசியும் சத்தமும் கேட்டது. குழாய்க்காரனுக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருடமாக ஊரார் வீட்டு ஒழுக்கை அடைத்தவன் வீட்டிலேயே ஒழுக்கா?

"உனக்கு நாறலையா?"

"நாறுது. உங்க வாய்தான்," என்றாள் மனைவி. "கண்ணு ரெண்டும் மஞ்சளா கிடக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கலன்னா பொழைக்க மாட்டீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வண்டி கூட்டிட்டு வரேன், கிளம்பி நில்லுங்க."

டாக்டர்! மீசைகூட ஒழுங்காக முளைக்காத பயல். போன வாரம் படம் போட்டுக் காட்டினான். குடி குடலின் சுவரை அரிக்குமாம். உள்ளே குடியிருக்கும் கிருமிகளின் நஞ்சு அந்த ஓட்டை வழியே ரத்தத்தில் கலந்து நேராக ஈரலுக்குப் போகுமாம். ஈரல் புண்ணாகிச் சுருங்குமாம்.

"ஊசி குத்துறதுக்கு முன்ன எதத் தடவுறீங்க தம்பி? ஸ்பிரிட்டு. கிருமி சாகத்தானே? நான் தினமும் உள்ளயே தடவுறேன்."

டாக்டரையே இப்படி மடக்கிவிட்ட மிதப்பில், அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே அரை பாட்டிலைக் காலி செய்தான். அவனுடைய களிமண் தலைக்கு அவ்வளவுதான் எட்டும்.

மனைவி போனதும், தொழில் முறைப்படி நீலப் பொடியைக் கழிவறையில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு, எந்தச் சுவரில் நீலம் இறங்குகிறது என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். சுவர்கள் வெள்ளையாகவே இருந்தன. உளி வைத்துத் தரையைப் பெயர்த்தான். குழாயைச் சுற்றி மண் புழுதியாகக் கிடந்தது.

சொட்டுச் சத்தம் நிற்கவில்லை.

கூடத்துக்குப் போனான். கூடவே வந்தது. படுக்கையறை. அங்கேயும். வாசலுக்கு ஓடினான். அங்கே சுவரே இல்லை.

சொட்டு.

நாற்றம் அவன் மூச்சில்தான் இருந்தது. உள்ளே திரும்பி வந்தான். இது யார் வீடு? யாரோ வேலைக்குக் கூப்பிட்ட வீடு. பானையாக உப்பிய வயிற்றை, சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டினான். இடப்பக்கம். நடுவில். வலது விலாவுக்குக் கீழே.

ஈரம். பிடிபட்டுவிட்டது.

வண்டி வந்து நின்றது. மனைவி உள்ளே ஓடி வந்தாள். பெயர்த்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, வேலை தெரிந்தவனின் நிதானத்தோடு அவன் உளியின் முனையை விலாவுக்குக் கீழே பொருத்தினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றான் அவளிடம், முன்பின் தெரியாத வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல. "உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

சுத்தியலை ஓங்கினான்.