பெட்டிக்குள் வைத்த ரேடியோ

காலை பத்து மணிக்கு ஜெரிஷ் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, முற்றத்தில் தார்ப்பாய் கட்டி முடித்திருந்தார்கள். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நிற்கும் பழைய ஓட்டு வீடு. ஆனி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நடுவீட்டில் இரண்டு பெஞ்சுகளின் மேல் ஒரு புதுச் சவப்பெட்டி. உள்ளே ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு போட்டோ.

சிஜினில் மிச்சம் அவ்வளவுதான். அவன் ஜெரிஷின் மனைவி பிளஸ்ஸிக்கு ஒரே தம்பி. இரண்டு வருடத்துக்கு முன் புயலில் வள்ளத்தோடு போனவன். உடல் கிடைக்கவில்லை. வருவான், வருவான் என்று வாசலிலேயே கிடந்த தாய் வேரோணிக்கம்மாள் போன வாரம்தான் மனம் இறங்கி அடக்கத்துக்குச் சம்மதித்தாள். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு. இதற்குப் பிறகாவது அவள் ஒரு ராத்திரி தூங்கமாட்டாளா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

"கொண்டு வந்தீரா மக்களே?" என்று அவள் கேட்டாள்.

ஜெரிஷ் பையிலிருந்து மஞ்சள் ரேடியோவை எடுத்தான். கைப்பிடியைச் சுற்றினால் பாடுகிற ரேடியோ. சிஜின் கடலுக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோவது.

"பாகம் கிடைக்கல்ல மாமி. இப்பவும் கேடாத்தான் கிடக்கு."

"கேடான சாதனத்த அவனுக்குக் குடுத்து விடப்பிடாது. எப்பிடியாவது பாட வச்சுத் தாரும்."

பாகம் கிடைக்கவில்லை என்பது பச்சைப் பொய். புயலுக்கு ஒரு வாரம் முன்பு, 'மச்சான், நான் கடலுக்குப் போறதுக்குள்ள இத செரியாக்கித் தா' என்று சிஜின் கொடுத்துவிட்டுப் போனான். ஜெரிஷ் சார்ஜாவில் பதினோரு வருடம் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவன். அன்றைக்கு அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று அலமாரியில் தூக்கி வைத்தான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்தக் கஞ்சி ஆறுவதற்குள் ஒருவன் புயல் அறிவிப்பைக் கேட்காமலே கடலுக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த ரேடியோவைத் திறந்து பார்க்கவே ஜெரிஷுக்குப் பயமாக இருந்தது.

அடுக்களைக்குப் பின்னால் இருந்த சிஜினின் அறையில் உட்கார்ந்து அதைத் திறந்தான். பல்சக்கரத்தைப் பிடித்திருந்த திருகாணி கழன்று ஒரு ஓரத்தில் கிடந்தது. வேறு ஒன்றுமில்லை. எடுத்து முடுக்கினான். உள்ளே இருந்த பேட்டரி மட்டும் செத்துப்போயிருந்தது. கை சுற்றும்வரை பாடும், நிறுத்தினால் நின்றுவிடும். பெட்டிக்குள் போகிற சாதனத்துக்கு அது போதும் என்று நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தான்.

சுற்றினான்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக வானிலை வாசித்தது. தென்கடலோர மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்றது. தேதியையும் சொன்னது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அறையில் ஈர வலையின் வாடை எழுந்தது. அங்கே வலை எதுவும் இல்லை.

"மச்சான்... கேக்குதா?"

ஜெரிஷின் கை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தவும் பயம், சுற்றவும் பயம். குரலுக்குள் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறியது.

"கர தெரியல்ல மச்சான். கணியம் சொல்லு."

கடலில் நிற்பவன் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பிடித்து வழி கண்டுகொள்வதற்குத்தான் கணியம் என்று பெயர். கடலிலிருந்து கணியம் கேட்பவன் பகையாளியாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்பது ஜெரிஷின் அப்பன் அவனை அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். கையில் இருப்பது கேட்பதற்கு மட்டுமே ஆன சாதனம், அதில் பேசினால் எங்கும் போகாது. பதினோரு வருடம் அதே தொழில் செய்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் குனிந்து சொன்னான்.

"மாதா கோயில் கோபுரத்தையும் பொறத்த உள்ள பொத்தைக் குன்னையும் ஒண்ணாப் புடிலே. விலகாம நேர வா. நம்ம வீடுதான். அம்மை உனக்காகத்தான் இருக்கா."

கொஞ்ச நேரம் இரைச்சல்.

"தெரியுது மச்சான். வாறேன்."

கைப்பிடியை விட்டான். எல்லாம் அடங்கியது.

வாசலில் பிளஸ்ஸி நின்றாள். "யாருட்ட பேசினிய?"

"யாருட்டயும் இல்ல. செரியாயிட்டு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "பத்து நிமிசம்தான் ஆச்சு. எந்தப் பாகம் போட்டிய?"

அவன் திருகாணி முடுக்கியைப் பைக்குள் போட்டான். அவள் ரேடியோவை வாங்கிக்கொண்டு போய்ச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்றரை மணிக்குப் பெட்டியை ஆணி அடித்து மூடினார்கள். காலையில் பக்கத்து வீட்டு ஜெபதாஸ் அதைத் தனி ஆளாகத் தோளில் வைத்துக் கொண்டு வந்தவர். இப்போது நாலு பேர் பிடித்தும் அது அசையவில்லை.

"உள்ள என்னலே வச்சிய?" என்றார் ஜெபதாஸ்.

ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை என்றார்கள். நடுவீட்டுக்குள் ஏது மழை? வேரோணிக்கம்மாள் ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள். "எம் பிள்ள வந்திட்டான். தொறங்க. பெட்டியத் தொறங்க."

பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பெற்ற வயிறு பாவம், புத்தி தடுமாறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் சொல்வது நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் ஜெரிஷ்தான். சொல்ல வேண்டுமென்றால் ரேடியோவில் பேசியதைச் சொல்ல வேண்டும். ரேடியோவைச் சொன்னால் பத்து நிமிடத்தைச் சொல்ல வேண்டும். குனிந்த தலை நிமிராமல் பெட்டிக்குப் பின்னால் நடந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் முடித்தார். கயிற்றில் பெட்டி இறங்கியது.

கர்ர்... கர்ர்... கர்ர்...

உள்ளே யாரோ சுற்றினார்கள்.

ஜெரிஷ் சுற்றிலும் பார்த்தான். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. பிளஸ்ஸி மட்டும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள்.

"மச்சான், கர வந்தாச்சு. இங்க இருட்டா இருக்கு. யாராவது தொறங்க."

ஜெரிஷ் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றான்.

"போடும் மருமவனே, மழ வருது," என்று ஜெபதாஸ் ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

அவன் போட்டான். அவனுக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் போட்டார்கள். குழி நிரம்பி, மேடாகி, மேலே சிலுவையும் நட்டு, ஆட்கள் குடையோடு கலைந்து போனார்கள்.

கீழே கைப்பிடி சுற்றுவது நிற்கவில்லை.