சிவக்காத தண்ணீர்

வெள்ளம் வடிந்து ஒன்பதாம் நாள் மதியம், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தான். நிவாரண முகாம்களில் குடிதண்ணீரைச் சோதிப்பது அவன் வேலை. தாயில்லாப் பிள்ளை, விட்டுவிட்டு வர ஆள் இல்லை.

வாசலில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிய தட்டில் இருவரையும் கால் நனைக்கச் சொன்னாள் நர்ஸ்.

"கீழ மூணு கிளாஸ் ரூமும் காலரா வார்டு. பாப்பா அங்க தலையே காட்டக் கூடாது. மாடியில கடைசி ரூம் உங்களுக்கு."

"சாப்பாடு, தண்ணி எல்லாம்?"

"எல்லாத்துலயும் பிளீச்சிங் வாசனைதான் தம்பி. அது இல்லேன்னா எனக்கு இப்பல்லாம் சோறே இறங்கறதில்ல." சிரித்தவள் உடனே குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு முன்னாடி வந்தவரும் தண்ணி சுத்தம்னுதான் சொன்னார். ஆனா தினம் மாடியில தங்கியிருக்கறவங்கள்ல ரெண்டு பேராவது பேதியோட கீழ வந்துடறாங்க. எப்படின்னே தெரியல."

மகளை மாடி ரூமில் விட்டுவிட்டுக் குழாய் குழாயாகப் போனான். சோதனைக் குழலில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஏழு குழாயிலும் ஆனது. தொட்டியிலும் ஆனது.

நாலு மணிக்கே வானம் இருட்டிவிட்டது. கரண்ட் இல்லை. வார்டில் நடுவே ஓட்டை போட்ட கட்டில்கள். ஓட்டைக்கு நேர் கீழே பேதியைப் பிடிக்க வாளிகள். எங்கோ சொட்டும் சத்தம், அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று. கண் எரியும் பிளீச்சிங் நெடி. அதற்கும் அடியில் வேறொரு வாடை, ஆற்றுச் சேறு போல.

ஈரத் துணி தரையில் இழுபட்டது.

திரும்பினான். யாரும் இல்லை.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த கண் தெரியாத கிழவர் உதட்டை நக்கிக்கொண்டார். "புண்ணியவதி. கேக்காமயே குடுத்துட்டுப் போறா."

"யாரு பெரியவரே?"

"உன்னை உரசிக்கிட்டுத்தானே போனா? கண்ணு தெரியாதவன் நானா நீயா?"

தலைமாட்டில் ஒரு தம்ளர். அதில் பாதித் தண்ணீர். குழலில் ஊற்றி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினான்.

சிவக்கவில்லை.

நர்ஸ் அதைப் பார்த்ததும் தம்ளரை எடுத்து முகர்ந்தாள்.

"முதல் வாரம் ஒருத்தி பையனைத் தூக்கிட்டு வந்தா. பேதி ஆகறப்போ தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு நினைச்சு, ராத்திரி பூரா ஒரு சொட்டு குடுக்கல. அவன் கெஞ்சியிருக்கான். தண்ணிதான்மா குடுக்கணும்னு நான் சொன்னேன். சொன்னப்போ அவன் செத்து அரை மணி நேரம் ஆயிடுச்சு."

"அவ எங்க இப்ப?"

"அவளுக்கும் வந்துச்சு. கடைசி வரைக்கும் தண்ணிக்கு வாயே திறக்கல. மூணாம் நாள் போயிட்டா." நர்ஸ் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப எல்லாருக்கும் குடுக்கறா போல. எங்கேருந்து மொண்டு வர்றாளோ."

அவன் மாடிக்கு ஓடினான்.

படிகள் ஈரமாக இருந்தன.

மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"என்னடா குடிச்ச?"

"வேணாம்னுதான் சொன்னேன்பா. அந்த அத்தை அழுதுட்டே கெஞ்சினாங்க. பாவமா இருந்துச்சு."

மறுநாள் விடியும்போது அவளுக்குப் பேதி ஆரம்பித்தது. மதியத்துக்குள் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. கையில் சலைன் ஏறியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஒரு கரண்டி. சேற்று வாடை கட்டிலை நெருங்கும்போதெல்லாம் உள்ளங்கையால் அவள் உதட்டை மூடினான்.

"இவளுக்கு நான் குடுத்துக்கறேன்," என்றான் காற்றைப் பார்த்து. "நீ போ."

வாடை போகவில்லை.

அவன் மட்டும் எதையும் குடிக்கவில்லை. எந்தத் தண்ணீரையும் நம்ப முடியவில்லை.

"ஒரு வாய் குடிங்க தம்பி," நர்ஸ் அதட்டினாள். "நீங்களும் படுத்துட்டா பாப்பாவை யாரு பாக்கறது?"

"அப்புறம் சிஸ்டர்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் என்று மறுபடி சொல்லப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

சாயங்காலம் நர்ஸ் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஒண்ணுக்குப் போயிட்டா தம்பி! உடம்புல தண்ணி நிக்குது! பொழைச்சுக்கிட்டா!"

அவன் சுவரில் சாய்ந்தான். கண்ணை மூடியது ஒரு நிமிஷம்தான் இருக்கும்.

திறந்தபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. குனிந்து பார்த்தான். அவள் உதடு காய்ந்திருந்தது. யாரும் அவளைத் தொடவில்லை.

நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான்.

பல்லிடுக்கில் மணல் நறநறத்தது.

தாகம் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.